மறைந்திருக்கும் வலக்கண்

மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள் கண்டதைக் கண்டபடியே தீட்டினார்கள் என்று கூறுவது வழக்கம். இக்கூற்றை ஓர் ஓவியத்தைக் கொண்டு சோதித்துப் பார்ப்போமா?

இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரின் உஃபீஸி ஓவியக்கூடத்தில் ஒரு பலகை ஓவியம் இருக்கிறது. உயரம் சுமார் 47 செ.மீ.; அகலம் சுமார் 33 செ.மீ. அதில் இருப்பவர் உர்பினோ நாட்டை ஆண்ட ஃபெடெரிகோ டா மான்டெஃபெல்ட்ரோ; பெயர்பெற்ற கூலிப்படைத் தலைவர். தீட்டியவர் பியெரோ டெல்லா ஃபிரான்செஸ்கா. காலம் 1470களின் முற்பகுதி எனக் கருதப்படுகிறது.

முதலில் முகத்தை நோக்குங்கள். கன்னத்தில் மருக்கள், கண்ணோரத்தில் சுருக்கங்கள், மூக்கின் மேற்பகுதியில் வெட்டியெடுத்தாற்போல் ஒரு பள்ளம். ஆட்சியாளர் ஆயிற்றே என்று ஓவியர் எதையும் அழகுபடுத்தவில்லை. பின்னணியில் மலைகள் தொலைவு செல்லச் செல்ல வெளிறிப் போகின்றன. காற்று ஒளியைச் சிதறடிப்பதன் விளைவு இது. இச்சிதறலுக்கு ராலே கணித விளக்கம் அளித்தது 1871-இல். அதற்கு ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்பே பியெரோவின் கண் அதன் விளைவைக் கண்டுகொண்டது.

ஆனால், நாம் காண்பது முகத்தின் இடப்பக்கம் மட்டுமே. 1450-ஐ ஒட்டி நடந்த ஓர் ஈட்டிப் போட்டியில் ஃபெடெரிகோ தம் வலக்கண்ணை இழந்திருந்தார். பக்கத்தோற்றமாகத் தீட்டுவது அக்கால வழக்கந்தானே என நீங்கள் கேட்கலாம். உண்மைதான்; பண்டைய ரோமானிய நாணயங்களை ஒட்டி வந்த வழக்கம் அது. எந்தப் பக்கம் என்பதோ ஒரு தேர்வு. மிலான் நகரின் ப்ரேரா ஓவியக்கூடத்தில் இதே ஓவியர் தீட்டிய மேரி அன்னை ஓவியம் ஒன்று உள்ளது. அதில் மண்டியிட்டிருக்கும் ஃபெடெரிகோவும் நமக்கு இடப்பக்கத்தையே காட்டுகிறார். ஒரு முறை நிகழ்ந்தால் தற்செயல் எனலாம். மீண்டும் நிகழ்ந்தால் காரணம் தேட வேண்டும் அல்லவா?

இனி மூக்கின் பள்ளம். வலப்புறமும் பார்வை எட்டுவதற்காக அவர் மூக்கெலும்பைச் செதுக்கச் செய்தார் என்று ஒரு கதை உண்டு. வலக்கண்ணை மூடிக்கொண்டு நேரே பாருங்கள். பார்வையின் ஓரத்தில் உங்கள் மூக்கு தெரியும். எனவே கதை பொருந்தக் கூடியதே. ஆயினும் பொருந்துவது வேறு, மெய்ப்பிக்கப்படுவது வேறு. ஓவியம் பள்ளத்தின் வடிவத்தைக் காட்டுகிறது. அது எப்படி ஏற்பட்டது என்பதைக் காட்டவில்லை. கண்ணைப் பறித்த அடியே மூக்கையும் சிதைத்திருக்கலாம்.

ஆகவே, இந்த ஓவியம் பொய் சொல்லவில்லை. காட்டியவற்றை உள்ளபடியே காட்டுகிறது. எதைக் காட்டுவது என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டது. காட்டிய மருக்கள் அத்தனை உண்மையாக இருப்பதால்தான் காட்டாத கண்ணை நாம் தேடுவதில்லை. பியெரோவின் திறமை நம் பாராட்டுக்கு உரியது. கூடவே நம் கேள்விக்கும் உரியது. இனி ஓவியமோ நிழற்படமோ எதைக் கண்டாலும், அது எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் கேட்டுப் பாருங்கள்.