இடிபாடுகளின் சித்திர அட்டைகள்

அவிநாசியில், பனியன் கம்பெனிக் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரின் ஆல்பத்தில், 1906-இல் குலைந்த சான் பிரான்சிஸ்கோவும், 1908-இல் நாசமான மெஸ்ஸினாவும், 1923-இல் பூகம்பத்தாலும் அக்கினியாலும் அழிந்த டோக்கியோவும், 1935 மே 31 அதிகாலையில் மண்மேடான குவெட்டாவும் தபால் அட்டைச் சித்திரங்களாய் அடங்கிக் கிடக்கின்றன.

பத்திரிகைப் படங்கள் மங்கலாய் அச்சான அக்காலத்தில், உள்ளூர்ப் புகைப்படக்காரர்கள் இடிபாடுகளிடையே நின்று பிடித்து, உடனுக்குடன் அட்டைகளாக்கி விற்ற இப்படங்களே தூரதேசத்து பந்துக்களுக்குச் செய்தியும் சாட்சியுமாயின. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், அச்சு யந்திரத்து அட்டை புள்ளிகளாய்ச் சிதறிவிடும். அசல் புகைப்பட அட்டையிலோ சரிந்த சுவரின் செங்கற்கள்கூடத் தெளிவாய்த் தெரியும். பிரிட்டனில் 1902 வரை பின்புறம் முழுவதும் விலாசத்துக்கே உரியதாகையால், அதற்கு முந்தியவற்றில் சேதியெல்லாம் சித்திரத்தின் ஓரத்திலேயே நெருக்கியடித்திருக்கும்.

பிறர் துயரத்தை விலைகொடுத்துச் சேர்ப்பதா என்று முகஞ்சுளிப்பாருண்டு, நியாயமான கேள்விதான். ஆயினும், க்ஷேமமாயிருக்கிறோம் என்ற ஒற்றை வரியும் தபால் முத்திரையும் தாங்கிய அழுக்கு அட்டையை, எழுதாத சுத்தமான அட்டையைவிட உயர்ந்ததாகவே நான் மதிக்கிறேன். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை விழுங்கிய புயலின் படம் எதுவும் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடாமல், பின்புறம் பென்சிலால் இடமும் தேதியும் எழுதி வையுங்கள்.