எவாங்கேலியன் தொடரின் இறுதி: எச்சமும் குறையும்

கதையொன்றின் இறுதி நிறைவளிக்கவில்லை என்பார் பலர். அந்நிறைவின்மை எதனால் தோன்றிற்று என ஆராய்வார் சிலரே. முடிவு வெளிப்படக் கூறப்படாமையே குறை எனின், அது பொருந்தாது. தொல்காப்பியர் செய்யுளுறுப்புகளுள் எச்சத்தையும் ஒன்றாக எண்ணினார். சொல்லானும் குறிப்பானும் கற்போன் நிரப்பிக்கொள்ள இடம் விட்டு நிற்றல் செய்யுட்கு உறுப்பேயன்றி ஊனம் அன்று. ஆகவே, சொல்லாது விட்டது எச்சமா, குறையா என்பதே நாம் கேட்கத்தக்க வினா. 'நியான் ஜெனிசிஸ் எவாங்கேலியன்' என்னும் சப்பானிய அனிமேத் தொடரின் இறுதியை இவ்வளவுகோல் கொண்டு ஈண்டு நோக்குவாம்.

ஹிதெயாக்கி அன்னோ இயக்கிய இத்தொடர் 1995 அக்டோபர் முதல் 1996 மார்ச்சு வரை 26 பகுதிகளாகத் தொலைக்காட்சியில் வெளிவந்தது. 'தூதர்' எனப்படும் விந்தை உருவங்கள் டோக்கியோ-3 என்னும் நகரைத் தாக்குகின்றன. பதினான்கு வயதுச் சிறுவன் ஷின்ஜி, தன்னைக் கைவிட்ட தந்தையின் ஆணைப்படி, எவா என்னும் பேருருவினுள் அமர்ந்து அவற்றோடு பொருகின்றான். ஒரு போர் மற்றொன்றைப் போல் அமையாமை இதன் தனிச்சிறப்பு. இரண்டு எவாக்கள் இசைக்கு இயைய அடிபெயர்த்துத் தூதனை வெல்லும் 9ஆம் பகுதி நகையும் பெருமிதமும் ஒருங்கே பயப்பது. பொழுதுபோக்கு என்று இதனை எளிதாக ஒதுக்குவோர் அப்பகுதியை ஒருமுறை காண்பாராக.

குறிப்பால் உணர்த்தும் ஆற்றல் இத்தொடருக்கு இல்லை என்றும் கூறவியலாது. மின்னாற்றல் அற்ற பின்னரும் ஷின்ஜியின் எவா தானே எழுகின்றது. அதனுள் உறைவது அவன் இழந்த தாயே என்பதைக் காண்போன் மெல்ல மெல்ல உய்த்துணர்கின்றான். இது செவ்விய எச்சம்.

24ஆம் பகுதி இன்னும் உயர்ந்தது. இறுதித் தூதனாகிய கவோரு மனித உருவில் வந்து ஷின்ஜிக்கு நண்பனாகின்றான். பின்னர்த் தன்னைக் கொல்லுமாறு தானே வேண்டுகின்றான். எவாவின் கையில் அவன் அகப்பட்டிருக்க, ஏறத்தாழ ஒரு நிமிடம் படம் அசைவதே இல்லை. பீதோவனின் ஒன்பதாம் சிம்பொனி மட்டும் ஒலிக்கின்றது. அசையப்போவது எது, அசைப்பவன் யார் என்பவற்றை நாம் அறிவோம் ஆதலின், அவ்வசைவின்மையே அவலத்தை மிகுவிக்கின்றது.

இதற்கு அடுத்த இரு பகுதிகளிலும் அசையாப் படங்கள் மலிந்துள்ளன. ஆனால் அவற்றின்பின் செயல் எதுவும் காத்து நிற்கவில்லை. உயிர்கள் அனைத்தையும் ஒன்றாக்கும் திட்டம் தொடங்கிவிட்டதாக நாம் அறிகின்றோம். எவ்வாறு தொடங்கிற்று என்பது காட்டப்படவில்லை. மிசாட்டோவும் ரிட்சுகோவும் இறந்து கிடக்கும் காட்சி கணநேரம் தோன்றி மறைகின்றது. அவர்களைக் கொன்றவர் யார், எதற்காகக் கொன்றனர் என்பவற்றை நிரப்பிக்கொள்ள முன்னைய பகுதிகளில் போதிய பற்றுக்கோடு இல்லை. இஃது எச்சம் ஆகாது, குறையே.

ஷின்ஜியின் உள்ளத்தை ஆராய்தல் கதைக்குப் புறம்பு என்பார் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. தன்னைத் தானே வெறுக்கும் ஒருவன் எவ்வாறு வாழ்வது என்னும் வினா முதற்பகுதிகளிலேயே எழுந்துவிட்டது. குறை வேறிடத்தில் உள்ளது. விடை அவன் செயலினின்று பிறவாமல், பிறர் அவனுக்கு எடுத்துரைக்கும் உரையாக நின்றுவிடுகின்றது. 25ஆம் பகுதி கவோருவைக் கொன்றது பற்றிய வினாவோடுதான் தொடங்குகின்றது. அவ்வினாவோ விடை பெறாமலே பிற வினாக்களுள் கரைகின்றது. இறுதியில் அனைவரும் சூழ்ந்து நின்று கைதட்டி வாழ்த்துகின்றனர். நண்பனைக் கொன்ற கையை உடையவனுக்கு அவ்வாழ்த்து எங்ஙனம் பொருந்தும்? தயாரிப்பில் காலம் நெருக்கியமை பலரும் அறிந்ததே. அது குறைக்குக் காரணம் கூறுமேயன்றிக் குறையை நிறைவாக்காது.

1997இல் வெளிவந்த 'எவாங்கேலியனின் இறுதி' என்னும் திரைப்படம் விடுபட்ட நிகழ்ச்சிகளை வழங்கிற்று. அதில் ஷின்ஜி, துன்புறுத்தவல்ல பிறரும் வாழும் உலகையே தானாக விரும்பித் தேர்கின்றான். ஆயினும், பின்வந்த ஒன்றைக் கொண்டு முன்னையதை நிறைவுடையதெனக் கொள்ளுதல் திறனாய்வு முறையன்று.

அவ்விரு பகுதிகளுள்ளும் ஓரிடம் தனித்துப் போற்றத்தக்கது. 26ஆம் பகுதியின் இடையே ஷின்ஜி இயல்பான பள்ளிச் சிறுவனாகக் காட்டப்படுகின்றான். வீட்டில் தாய் உயிரோடு இருக்கின்றாள். அவன் பள்ளிக்குக் காலந்தாழ்த்து ஓடுகின்றான். வேறொரு வாழ்வும் இயலும் என்பதை உரை விளக்குமுன் காட்சி உணர்த்திவிடுகின்றது. அது சிறிது பொழுதே நின்று மீண்டும் உரையாடலுக்கு இடந்தருவது வருந்தத்தக்கது.