வெற்றி நாளும் வெற்று நாற்காலியும்

இரண்டாம் உலகப் போர் எந்த நாளில் முடிந்தது என்ற கேள்விக்கே ஒரே விடை கிடையாது. மேற்கு ஐரோப்பாவுக்கு 1945 மே 8. பெர்லினில் சரணாகதி கையெழுத்தான பின்னிரவில் மாஸ்கோ கடிகாரம் அடுத்த நாளுக்குப் போய்விட்டிருந்ததால் ரஷ்யாவுக்கு மே 9. ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் ஆகஸ்ட் 15. ஒரே தேதிதான், ஆனால் அங்கே அது போரில் இறந்தோருக்கான நாள், இங்கே காலனி ஆட்சி நீங்கிய விடுதலை நாள். தேதிகளைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். அந்தத் தேதிகளில் மாலை சாத்தப்படும் கல்லையும் வெண்கலத்தையும் பற்றித்தான் எனக்குப் பேச இருக்கிறது. அவற்றில் பெண்ணுருவுக்குப் பஞ்சமே இல்லை. போருக்குள் வாழ்ந்து மீண்ட பெண் மட்டும் அவற்றில் எளிதில் அகப்படுவதில்லை.

வோல்கோகிராத் நகரில், அதாவது பழைய ஸ்டாலின்கிராதில், 1967இல் திறக்கப்பட்ட 'தாய்நாடு அழைக்கிறது' சிலை வாளோடு சேர்த்து 85 மீட்டர் உயரம். மக்களைப் போருக்கு அழைக்கும் தாய். மூதின்முல்லை படித்த நமக்கு இவள் அந்நியமானவள் அல்லள். பாட்டு தாய்க்கு, நடுகல் மகனுக்கு என்ற பங்கீடும் நமக்குப் பழக்கமானதே. ஆனால் சோவியத் படையில் பெண்கள் அழைக்கும் தாயாக மட்டும் இருக்கவில்லை. குறிபார்த்துச் சுடுபவர்களாக, விமானிகளாக, மருத்துவ உதவியாளர்களாக, படையின் துணி வெளுப்பவர்களாக ஏறக்குறைய 8 லட்சம் பேர் பணியாற்றினார்கள். ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் அவர்களைத் தேடிப்போய்க் கேட்டு எழுதிய நூல் 1985இல் தணிக்கைக்குப் பலவற்றை இழந்துதான் வெளிவந்தது. ஆண்களோடு முகாமில் இருந்துவிட்டு வந்தவள் என்ற ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிப் பதக்கங்களை ஒளித்துவைத்த பெண்கள் அதில் பேசுகிறார்கள். 85 மீட்டரில் ஒரு பெண்ணை நிறுத்திய தேசத்தில் நடந்தது இது.

அந்தச் சிலையைச் செய்த யெவ்கேனி வுசெதிச்சின் இன்னொரு படைப்பு பெர்லினின் ட்ரெப்டோ பூங்காவில் 1949 முதல் நிற்கிறது. காலடியில் உடைந்த ஸ்வஸ்திகா, ஒரு கையில் வாள், மறு கையில் அணைத்துப் பிடித்த ஒரு ஜெர்மானியச் சிறுமியோடு ஒரு சோவியத் வீரன். குழந்தைகளைக் காப்பாற்றிய வீரர்கள் இருந்தார்கள். சிலை அந்த வகையில் பொய் சொல்லவில்லை. ஆனால் அதே நகரத்தில், போர் முடிந்த அதே வாரங்களில், செஞ்சேனை வீரர்களால் பெருந்தொகையான பெண்கள் வன்புணர்வுக்கு உள்ளானார்கள். அதை அன்றாடம் குறித்துவைத்த ஒரு பெண்ணின் நாட்குறிப்பு, பெயரில்லாமல், முதலில் 1954இல் ஆங்கிலத்தில்தான் வந்தது. 1959இல் ஜெர்மன் மொழியில் வந்தபோது, ஜெர்மானியப் பெண்களின் மானத்தை வாங்கிவிட்டாள் என்று அவளையே ஏசினார்கள். தான் உயிரோடு இருக்கும்வரை அது மறுபதிப்பாகக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். 2003இல், அவர் இறந்த பிறகுதான் வந்தது.

இந்த மௌனத்தை இரண்டு தரப்பும் சேர்ந்தே காத்தன. வென்றவனின் புகழுக்கு அவள் களங்கம். தோற்று வீடு திரும்பிய கணவனுக்கோ, காக்க முடியாமற்போனதன் சாட்சி. நாஜிக் குற்றங்களை மங்கச்செய்ய ஜெர்மானியரின் துயரத்தைத் தூக்கிப்பிடிப்பவர்கள் உண்டு. அவர்களைப் பற்றிய எச்சரிக்கை நியாயமானது, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த எச்சரிக்கைக்கான விலையையும் ஏன் அவளே கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. வீரன் கையில் வளர்ந்த பெண்ணுக்கு இடமில்லை, சிறுமிக்குத்தான் உண்டு. சிறுமி எதையும் சொல்லப்போவதில்லை.

லண்டனில், போரில் இறந்தவர்களுக்கான செனோடாப் இருக்கும் அதே வைட்ஹால் தெருவில், பெண்களுக்கென ஒரு சின்னம் எழ 2005 ஆயிற்று. போர் முடிந்து 60 ஆண்டுகள். கறுத்த வெண்கலப் பாளத்தின் நாற்புறமும் 17 உடைகள் கொக்கியில் மாட்டப்பட்டிருக்கின்றன. சீருடைகள், வேலை உடுப்புகள், தொப்பிகள். உள்ளே உடல் இல்லை, முகம் இல்லை. போர் முடிந்ததும் உடுப்பைக் கழற்றி மாட்டிவிட்டு வீடு திரும்பினார்கள் என்பது சிற்பத்தின் பொருள். திரும்பினார்களா, திருப்பி அனுப்பப்பட்டார்களா என்று வெண்கலம் சொல்லாது. ஆனாலும் அரசுகள் நிறுவியவற்றுள் இதையே நேர்மையானதென்று சொல்வேன். பெண்ணை எப்படி நினைவில் வைத்தோம் என்பதை, தெரிந்தோ தெரியாமலோ, அது அப்படியே காட்டிவிடுகிறது. ஆளைவிட்டு உடுப்பை.

இனி சியோல். ஜப்பானியப் படை, தன் பாலியல் அடிமைகளாக்கிய பெண்களுக்கு 'ஆறுதல் பெண்கள்' என்று பெயர் வைத்திருந்தது. யாருக்கு ஆறுதல் என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. 1991 ஆகஸ்ட் 14 அன்று கிம் ஹாக்-சுன் தன் பெயரோடும் முகத்தோடும் வெளியே வந்து பேசினார். அப்போது அவருக்கு 66 வயது. 1992 சனவரியில் ஜப்பானியத் தூதரகத்தின் எதிரே புதன்கிழமைப் போராட்டம் தொடங்கியது. ஆயிரமாவது புதன்கிழமையான 2011 டிசம்பர் 14 அன்று அங்கே ஒரு வெண்கலப் பெண் உட்கார்ந்தாள். இறுக மூடிய கைகள். வெறுங்கால்கள், குதிகால் தரையில் பதியவில்லை, ஊர் திரும்பியும் ஊன்ற இடம் கிடைக்காதவள். பக்கத்தில் ஒரு வெற்று நாற்காலி. யாரும் உட்காரலாம். குளிர்காலத்தில் அவளுக்குக் கம்பளித் துண்டு சுற்றிவிடுகிறார்கள். இதுவரை பார்த்தவை எல்லாம் அண்ணாந்து பார்க்கவேண்டியவை. இவளை அருகில் உட்கார்ந்துதான் பார்க்க முடியும்.

இவளை வெறுமனே கொண்டாடவும் எனக்கு முடியவில்லை. பேசியவர்கள் கிழவிகள். சிலையாகியிருப்பவள் பதின்ம வயதுப் பெண். கிழவியோ தரையில் நிழலாகப் பதிக்கப்பட்டிருக்கிறாள். இரக்கம் பெறக் களங்கமற்ற கன்னி தேவைப்படுகிறாள் என்றால், கொண்டுபோகப்படும் முன்பே பாலியல் தொழிலில் இருந்தவளுக்கு அந்த நாற்காலியில் இடமுண்டா? அவளுக்கு நடந்தது வன்முறை ஆகாதா? தேசியவாதம் இந்தக் கேள்வியை விரும்பாது. பெண்ணியம் கேட்டாக வேண்டும்.

ஆனாலும் அரசுகள் இவளைக் கண்டு அஞ்சுவதைப் பார்க்கும்போது சிற்பம் எங்கோ சரியாகத் தைத்திருக்கிறது என்றே தோன்றுகிறது. 2015 டிசம்பரில் இரு அரசுகளும் செய்துகொண்ட உடன்பாட்டிலேயே இந்தச் சிலையின் பேச்சு வந்தது. பூசானில் இதே போன்ற ஒன்று வைக்கப்பட்டதும் 2017 சனவரியில் ஜப்பான் தன் தூதரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. ஒரு நாற்காலிக்காக ஒரு தூதர். தென்கொரியா 2018 முதல் ஆகஸ்ட் 14ஐ அரசு நினைவு நாளாகக் கடைப்பிடிக்கிறது. விடுதலை நாளுக்கு முந்தின நாள் இப்போது இவர்களுடையது.

மணிலாவில் அதுவும் நடக்கவில்லை. 2017 டிசம்பரில் கடலோரச் சாலையில் பிலிப்பினோப் பெண்களுக்காக, கண்ணைக் கட்டிய ஒரு பெண்ணின் சிலை வைத்தார்கள். 2018 ஏப்ரலில் ஓர் இரவில் அதைப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். வடிகால் வேலைக்காக என்று அரசுத் தரப்பில் காரணம் சொல்லப்பட்டது.