சொல் இழந்த குழல்

அமெரிக்க எழுத்தாளரும் இசையமைப்பாளருமான பால் பவுல்ஸ், 1959ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பொருளுதவி பெற்று, ஒலிப்பதிவுக் கருவியுடன் மொராக்கோவின் ஊர்தோறும் சென்றார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக அவர் திரட்டியவற்றுள் ஒரு பகுதி 1972இல் இரண்டு இசைத்தட்டுகளாகவும், 2016இல் நான்கு குறுந்தகடுகளாகவும் வெளிவந்தது. அவர் வந்து போன சுற்றுலாப் பயணியல்லர். தாஞ்சியர் நகரில் அரை நூற்றாண்டு வாழ்ந்து 1999இல் மறைந்தவர். எனவே அவருடைய செவியின் சாய்வை ஆராய்வது தகும் எனக் கருதுகிறோம்.

1972ஆம் ஆண்டுத் தொகுப்பில் முதல் தட்டு மலைநாட்டுப் பர்பர் மக்களுக்குரியது. இரண்டாவது, சமவெளியில் வந்து கலந்த இசை என்னும் பொருள்படத் தலைப்பிடப்பட்டது. பர்பர் இசையே மண்ணுக்குரியது, அரபு வெளியிலிருந்து வந்தது என்பதே இப்பகுப்பின் உட்கிடை. பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் பாங்கொலி கேட்டு வாழ்ந்த மக்களை இவ்வாறு பிரித்துவிட இயலுமா? அரபு இலக்கணம் பயில்வோர் தொடக்கத்திலேயே ஓதும் 'ஆஜுரூமிய்யா'வை இயற்றிய இப்னு ஆஜுரூம் (ரஹ்), ஃபாஸ் நகரில் வாழ்ந்த ஸன்ஹாஜா பர்பர் குலத்தவர். அவரை எந்தத் தட்டில் வைப்பது?

இச்சாய்வு ரீஃப் பகுதியில் வெளிப்படையாகிறது. அங்கே 'கஸபா' என்னும் நீண்ட நாணற்குழலைத் தனியே ஊதுமாறு பவுல்ஸ் கேட்டார். குழலர் தயங்கினார். பாடுவோர் இன்றேல் குழல் என்ன சொல்கிறது என்பதை எவர் அறிவார் என்பது அவருடைய மறுப்பு. பவுல்ஸ் விடவில்லை. இரவில் நெருப்பருகே தனித்திருக்கும் ஒட்டகக்காரனின் காட்சியொன்று அவர் மனத்தில் இருந்தது. அதற்கேற்ற ஓசையே அவருக்கு வேண்டியிருந்தது. கிடைத்தது இனிய ஓசைதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் அது ரீஃப் மக்களின் மரபன்று. பவுல்ஸ் அவர்களிடம் செய்வித்துக்கொண்டது.

இசை ஆகுமா ஆகாதா என்னும் ஃபிக்ஹுச் சர்ச்சைக்குள் ஈண்டு நாம் நுழையவில்லை. ஸமாஉக்குக் காலம், இடம், தோழர் ஆகிய மூன்றும் வேண்டும் என்ற ஜுனைதுல் பக்தாதீ (ரஹ்) அவர்களின் கூற்றை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வில் எடுத்தாள்கிறார்கள். ஒலிப்பதிவு இம்மூன்றையும் விட்டுவிட்டே நம்மிடம் வருகிறது. அது கருவியின் இயல்பு, அதற்காகப் பவுல்ஸைக் குறைகூறோம். தோழர் அருகிலிருந்தும் அவர்களை வாய்மூடச் செய்தது கருவியின் இயல்பாகாது.

அவருடைய நேர்மை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குழலரின் மறுப்பை அவர் மறைக்கவில்லை. 1963இல் வெளியிட்ட பயணக் கட்டுரை நூலில் தாமே எழுதி வைத்தார். அறிவிப்பாளர் தமக்கு எதிரான செய்தியையும் அறிவித்துச் செல்லும் பண்பு இது. அத்தொகுப்பு பற்றி நாம் படித்தவற்றுள் அக்குழலரின் மறுப்பினும் கூரிய விமர்சனம் வேறில்லை.