சிலம்பும் சிமெண்டும்

பாண்டியன் நெடுஞ்செழியன் தன் பிழை உணர்ந்து உயிர்நீத்த இடத்தைப் புகழாத இலக்கிய மேடை உண்டோ? மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் நாம் அதனைக் கேட்டு நெஞ்சம் நெகிழ்கிறோம். ஆயினும் அதற்கு முன் நிகழ்ந்ததை விரைந்து கடந்துவிடுகிறோம். கோவலனை எவரும் வினவவில்லை. பொற்கொல்லன் சொல்லே சான்றாயிற்று. கண்ணகி வாயிலில் வந்து நின்ற பின்னரே வழக்கு என்ற ஒன்று பிறந்தது. எளியவனுக்குத் தண்டனை முன், விசாரணை பின். இளங்கோவடிகள் காட்டிய முறைகேடு இதுவே.

அது மதுரையோடு எரிந்துவிடவில்லை. 1981 சூலையில் மராட்டிய முதலமைச்சர் ஏ. ஆர். அந்துலே, நடைபாதைவாசிகளை அகற்றி அவரவர் ஊருக்கு அனுப்புமாறு ஆணையிட்டார். அதுவும் கொட்டும் மழைக்காலத்தில். முன்னறிவிப்பின்றி அகற்ற மாநகராட்சிச் சட்டத்தின் 314ஆம் பிரிவு இடந்தந்தது. வறட்சியால் வேலையிழந்து 1961இல் இந்நகர் வந்து, நாளொன்றுக்கு 23 ரூபாய் கூலி பெற்றுவந்த தமிழர் ஒருவர் குடும்பத்தோடு சேலத்திற்கு அனுப்பப்பட்டார். வேலை தேடி நடைபாதைக்கே திரும்பிய அவர், உச்சநீதிமன்றத்தை நாடியவர்களுள் ஒருவரானார். வாழ்வுக்கான தொழிலும் உயிருரிமையில் அடங்கும் என்று 1985இல் அம்மன்றம் அழகுற உரைத்தது. 314ஆம் பிரிவும் செல்லும் என்றது!

ஆணையிட்டவர் கதை வேறு. சிமெண்டு ஒதுக்கீட்டிற்கும் அவர்தம் அறக்கட்டளைக்கு வந்த நன்கொடைகளுக்கும் தொடர்புண்டு என 1982 சனவரியில் பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதி லெண்டின் தீர்ப்பளித்தார். அந்துலே பதவி விலகினார். அதன்பின் ஆண்டுக்கணக்கில் ஆராயப்பட்டது குற்றம் நிகழ்ந்ததா என்பதன்று. வழக்கிற்கு யாருடைய இசைவு வேண்டும், எந்த மன்றம் கேட்கவேண்டும் என்பவையே. 1984இல் உச்சநீதிமன்றம் வழக்கை உயர்நீதிமன்றத்திற்கு மாற்றியது. அதனால் அவருக்குரிய மேல்முறையீட்டு வாய்ப்பொன்று பறிபோயிற்றென, 1988இல் எழுவர் அமர்ந்து பெரும்பான்மையால் அவ்வாணையையே திருத்தினர். திருத்தம் நேரியதே, நாம் குறை கூறோம். அந்த நுட்பத்தில் ஒரு துளி அச்சேலத்தாருக்கு ஏன் வாய்க்கவில்லை என்பதே நம் வினா. அந்துலேயோ 1995இலும் 2006இலும் நடுவண் அமைச்சரானார்.

பாண்டியன் தன்னைத் தானே தண்டித்துக்கொண்டான் என்று நாம் நிறைவு கொள்கிறோம். அவனுக்குப்பின் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பத்தினிக்கு ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்பதும் அதே காப்பியத்தின் உரைபெறு கட்டுரையில் உள்ளது. பொய்யுரைத்தவன் ஒருவன். அந்த ஆயிரவரை எவரேனும் வினவியதாகக் காப்பியம் கூறவில்லை. நம் மேடைகளும் அவர்களைப் பேசுவதில்லை.