வினவுவோனும் விடையிறுப்போனும்: கெற்ஸ் கெயோர்கேயின் நடிப்பு

நடிகன் ஒருவனைப் பாராட்டப் புகுவோர், அவன் ஏற்காத வேடமில்லை என்று கூறி அமைதல் வழக்கம். வேடங்களின் தொகை நடிப்பின் உயர்வுக்குச் சான்றாகாது. நூறு வேடங்களில் நூறு உடைகளை மட்டும் மாற்றியவரும் உளர். பல்வகைப் பாத்திரங்களை ஒருவன் ஏற்குமிடத்து, அவற்றினூடே அவன் எதனைத் தேடினான் என்பதே ஆராயத்தக்கது. ஜேர்மானியத் திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நடித்த கெற்ஸ் கெயோர்கே (1938–2016) என்பாரை இந்நோக்கில் அணுகுதல் பயனுடைத்து.

இவர் பேர்லினிற் பிறந்தவர். தந்தையார் ஹைன்ரிக் கெயோர்கே அக்காலத்துப் பெருநடிகர். தாயார் பேர்த்தா டிறெவ்சும் நடிகையே. கேதேயின் நாடகத்தலைவனாகிய கெற்ஸ் என்னும் வீரனாகத் தந்தையார் மேடையிற் புகழ்பெற்றிருந்தமையால் அப்பெயரே மகனுக்கு வாய்த்தது. 1927 ஆம் ஆண்டில் 'மெற்றோபோலிஸ்' படத்தில் நடித்த அத்தந்தையே, 1940 இல் யூதப்பகைமையை வளர்க்க நாசிகள் எடுப்பித்த 'யூதன் சூஸ்' என்னும் படத்திலும் நடித்தார். போர் முடிந்ததும் சோவியத்துப் படையினராற் சிறைப்பட்டு, 1946 செப்டெம்பரிற் சக்சன்ஹவுசன் முகாமில் இறந்தார். அப்பொழுது மகனுக்கு வயது எட்டு. இச்செய்தியை ஈண்டு முதலிற் கூறியது வாழ்க்கை வரலாறு எழுதும் விருப்பினாலன்று. இதன் இன்றியமையாமை பின்னர் விளங்கும்.

கெற்றிங்கன் நகரில் ஹைன்ஸ் ஹில்பேட் என்னும் நெறியாளரிடம் மேடைப்பயிற்சி பெற்றதும், 1962 இல் கார்ல் மேயின் கதையைத் தழுவிய 'வெள்ளி ஏரியின் புதையல்' படத்திற் குதிரையேறித் திரிந்ததும் இளமைக்கால நிகழ்ச்சிகள். உடல்வலியும் துணிவும் அங்குக் கண்டோம்; அதனினும் மேலாக எதனையும் கண்டோமல்லோம்.

1977 இல் தியோடர் கொற்றுல்லா இயக்கிய 'ஒரு ஜேர்மானிய வாழ்விலிருந்து' என்னும் படமே திருப்புமுனை. றொபேர் மேர்ல் 1952 இல் எழுதிய பிரெஞ்சு நாவலின் வழிவந்தது அது. அவுஷ்விற்ஸ் முகாமின் தளபதியாயிருந்த ருடோல்ப் ஹெஸ், பிறிதொரு பெயருடன் அதன் தலைவனாகிறான். கொடியவனைக் கொடிய முகத்துடன் காட்டுதல் எளிது. கெயோர்கே அதனைச் செய்யவில்லை. கட்டளையைக் கேட்பவன், கணக்கிடுபவன், மேலிடத்துக்கு அறிவிப்பவன் என்ற அளவிலேயே அம்மனிதனை நிறுத்தினார். குரலில் ஏற்றத்தாழ்வில்லை, முகத்தில் வெறியில்லை. மெய்ப்பாட்டை மிகுத்துக் காட்டும் நடிப்பிற் பழகிய கண்ணுக்கு இது வறட்சியாகத் தோன்றலாம். அவ்வறட்சியே அங்குப் பொருள்.

நான்காண்டு கழித்து, 1981 இல், 'டாட்டோர்ட்' என்னும் தொலைக்காட்சித் தொடரிற் பொலிஸ் அதிகாரி ஷிமான்ஸ்கியாகத் தோன்றினார். அதுவரை அத்தொடரில் வந்த அதிகாரிகளுட் பெரும்பாலோர் ஒழுங்காக உடுத்து, அமைதியாகப் பேசுவோர். ஷிமான்ஸ்கியோ அழுக்கேறிய அங்கியுடன் வந்தான்; வசைமொழி பேசினான்; பச்சை முட்டையை உடைத்துக் குடித்தான்; அடித்தான், அடியும் வாங்கினான். பத்திரிகைகள் சில முகஞ்சுளித்தன. மக்களோ அவனைத் தம்முள் ஒருவனாக ஏற்றனர். டூயிஸ்பூர்க் என்னும் உருக்காலை நகரம், உருக்குத்தொழில் தளர்ந்துகொண்டிருந்த காலம், வேலையிழந்தோர் குடித்திருக்கும் மதுக்கடை ஆகிய இவையெல்லாம் அவனுக்குப் பின்னணியாயின. குற்றவாளியை வினவும்போது ஷிமான்ஸ்கி மேசைக்கு அப்பால் இருப்பதில்லை; அருகே செல்கிறான், சிலவேளை உடன் அழுகிறான். 1991 வரை இருபத்தொன்பது கதைகளில் அவனைக் கண்டனர். இத்துணைப் புகழ் ஒரு நடிகனைக் கொல்லவல்லது. தெருவிற் செல்வோர் பாத்திரத்தின் பெயரால் அழைக்கத் தொடங்கினால் நடிகனுக்கு வேறு பெயர் இராது.

அவரை அதனின்று மீட்டது முதற்கண் நகைச்சுவை. ஹெல்மூட் டீட்ல் இயக்கிய 'ஷ்டொங்க்' (1992), ஹிட்லரின் நாட்குறிப்புகள் எனப் போலிகளை 1983 இற் பெரும்பணத்துக்கு வாங்கி ஏமாந்த சஞ்சிகையின் கதை. பெயரே சாப்ளின் தமது படத்திற் சர்வாதிகாரியின் வாயில் வைத்த பொருளற்ற சொல். கெயோர்கே ஈண்டுப் பத்திரிகையாளன். வினவுதலே தொழிலாகக் கொண்டவன், வினவவேண்டிய ஒன்றை மட்டும் வினவாதொழிகிறான். அட்டையிற் பொறித்த எழுத்து ஹிட்லரின் பெயருக்குப் பொருந்தாமையைக் கண்டும், அதற்கொரு பொருள் கற்பித்து அமைதியடைகின்றனர் அச்சஞ்சிகையார். அந்நகைப்பின் உள்ளே இருப்பது நடுக்கமே.

இனி, 1995 இல் றொமுவால்ட் கார்மாக்கர் இயக்கிய 'டெயர் டோற்மாகர்' என்னும் படம். அவரது படங்களுள் நாம் முதலிடம் அளிப்பது இதற்கே. ஹனோவர் நகரில் இருபத்துநான்கு கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டு 1925 இற் கொல்லப்பட்ட பிரிட்ஸ் ஹார்மான் என்பவனை, 1924 இல் மனநோய் மருத்துவர் வினவிய பதிவேடே வசனம். களம் ஓர் அறை; ஒரு மேசை; மருத்துவர், எழுதுவோன், கைதி. கொலை ஒன்றேனும் காட்டப்படுவதில்லை. முன்னர் வினவியவர் இப்பொழுது விடையிறுக்கிறார். மயிர் குறைத்த தலையும் சிறுமீசையுமாக இருக்கும் அவன் சிரிக்கிறான், பெருமை பேசுகிறான், மாணவன் ஆசிரியரைப் பார்ப்பதுபோல் மருத்துவரின் முகத்தைப் பார்த்து, தன் விடை சரிதானோ எனத் தேடுகிறான். அவன்பால் இரக்கம் தோன்றும் கணத்திலேயே செய்த செயலை அதே குரலிற் கூறிவிடுகிறான். விளங்கிக்கொள்ளுதல் வேறு, மன்னித்தல் வேறு என்பதை இத்துணைத் தெளிவாக உணர்த்திய நடிப்பு அரிது. வெனிஸ் திரைப்படவிழாவிற் சிறந்த நடிகருக்கான வோல்ப்பிப் பரிசு இதற்குக் கிடைத்தது.

1999 இல் 'உண்மையன்றி வேறில்லை' என்னும் படத்தில் மருத்துவன் மெங்கலேயாக வந்தார். மெங்கலே 1979 இலேயே பிரேசிலில் இறந்தவன். அவன் உயிருடன் திரும்பி வழக்காடினால் என்னவாகும் என்பது கற்பனை. முதுமைக்கான ஒப்பனை கனமானது. வாதங்கள் அதனினும் கனமானவை. ஹார்மானிடம் இருந்த உயிர்த்துடிப்பு இங்கில்லை.

இறுதியாக 2013 இல், தமது எழுபதுகளின் நடுப்பகுதியில், ஐம்பதைச் சற்றே கடந்திருந்த தம் தந்தையாக நடித்தார். தொலைக்காட்சிக்காக யோவாகிம் லாங் இயக்கிய 'கெயோர்கே' என்னும் அப்படத்திற் சோவியத்து அதிகாரி வினவ, ஹைன்ரிக் விடையிறுக்கிறார். இடையிடையே மகன் தாமாகவும் தோன்றுகிறார். தந்தையின் பெருமிதத்தையும் உடைவையும் அவர் தாங்கிய திறத்திற் குறையில்லை. குறை வினாவில் உள்ளது. அந்த வினாவை எழுப்புவோன் முகாமின் அதிகாரி. அம்முகாமோ பட்டினியும் நோயும் மலிந்த இடம். ஆதலின் காண்போர் மனம் கைதியின் பக்கமே சாய்கின்றது. 1998 இல் இரசிய அதிகாரிகளே ஹைன்ரிக்கைக் குற்றத்தினின்றும் விடுவித்தனர் என்பது மெய். ஆயினும் 'யூதன் சூஸ்' பற்றிய வினா அவ்வதிகாரிக்கு மட்டும் உரியதன்று. அப்படத்தாற் பழிக்கப்பட்ட மக்களுக்கும் உரியது. அவர்கள் குரலில் அது வினவப்பட்டிருப்பின் தந்தை என்ன விடை கூறியிருப்பார்? ஹார்மானின் மேசைமுன் அத்துணை அஞ்சாது அமர்ந்த நடிகர், இம்மேசையில் மகனாகவே அமர்ந்துவிட்டார்.