மோர்ஸ் தேர்வும் அமெரிக்க அமெச்சூர் வானொலி அலைப்பட்டைகளும்

அமெரிக்காவில் சிற்றலைகளில் இயங்கும் அமெச்சூர் வானொலி உரிமத்துக்கு மோர்ஸ் குறியீட்டுத் தேர்வு நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. உரிமத்தின் படிநிலைக்கேற்ப நிமிடத்துக்கு 5, 13, 20 சொற்கள் என வேகம் உயர்ந்தது. 2003ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு, இத்தேர்வு தேவையா என்பதை அந்தந்த நாடுகளே முடிவு செய்யலாம் என்றது. அமெரிக்கா 2007 பிப்ரவரி 23 முதல் தேர்வைக் கைவிட்டது.

குறைந்த மின்திறனிலும் குறுகிய அலை இடத்திலும் செய்தி சேர்ப்பது மோர்ஸ் என்பது தேர்வை ஆதரித்தவர்களின் வாதம். அது உண்மையே. ஆனால் ஒரு முறையின் சிறப்பு வேறு, அதை அனைவருக்கும் நுழைவாயிலாக வைப்பது வேறு. கப்பல்களின் பன்னாட்டு ஆபத்து உதவி ஏற்பாடே 1999இல் மோர்ஸைக் கைவிட்டபின், தேர்வுக்கான வலுவான காரணமும் மறைந்தது.

குறை அலைப்பட்டை ஒதுக்கீட்டில் உள்ளது. தேர்வை நீக்கியபோது, முன்பு 5 சொல் தேர்வில் வென்றவர்களுக்கு வகுத்த பங்கையே தொடக்கநிலையான டெக்னீசியன் உரிமத்தார் அனைவருக்கும் வழங்கினர். 10 மீட்டர் பட்டையின் ஒரு பகுதியில் அவர்கள் பேசலாம். 80, 40, 15 மீட்டர் பட்டைகளிலோ அவர்களுக்குக் கிடைத்தது மோர்ஸ் மட்டுமே. அதாவது, மோர்ஸ் அறியாமல் உரிமம் பெறலாம். மோர்ஸைப் பயன்படுத்தாமல் அப்பட்டைகளில் ஒரு செய்தியும் அனுப்ப இயலாது.

மோர்ஸுக்கெனச் சிறு பகுதி இருப்பது நியாயம். புதியவரின் பங்கு முழுவதையும் அதற்குள் அடைப்பது, நீக்கிய தேர்வை வேறு வடிவில் தொடர்வதாகும். தேர்வுச் சீர்திருத்தம் ஒதுக்கீட்டுச் சீர்திருத்தத்துடன் சேர்ந்தே வந்திருக்க வேண்டும்.